மூன்றாவது டிஸ்க்குக்குக் காசு கொடுப்பது யார்?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கிருஷ்ணகிரியில் கேம் டிஸ்க் கடை வைத்திருக்கிறேன். கடை என்றதும் பெரிதாக நினைக்க வேண்டாம். பஸ் ஸ்டாண்டிலிருந்து நடந்து வரும் தூரத்தில் பத்துக்குப் பன்னிரண்டு அறை, முன்பக்கம் மொபைல் கவர், சார்ஜர், டெம்பர்டு கிளாஸ், உள்ளே ஒரு சுவர் முழுக்க பிளேஸ்டேஷன் டிஸ்க்குகள், மூலையில் நாலைந்து கன்ட்ரோலர், அவ்வளவுதான். போன வாரம் உங்கள் பத்திரிகையில் ஒரு வாசகர், "இரண்டு வாங்கினால் ஒன்று இலவசம் என்பதெல்லாம் ஏமாற்று வேலை, எந்தக் கடைக்காரரும் கைக்காசைப் போட்டு விற்க மாட்டார்" என்று எழுதியிருந்தார். அதைப் படித்த அன்றே என் கடைக்கு வந்த ஒருவர் நேர் எதிராக, "பாவம், பெரிய கடைக்காரங்க நமக்காக நஷ்டப்பட்டுத் தர்றாங்க" என்றார். இரண்டு பேரும் நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறார்கள். ஆனால் இரண்டு பேருமே கணக்கில் ஒரு ஆளை விட்டுவிட்டார்கள், அதனால்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில், என்னை எழுத வைத்த பையனைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பர்கூர் பொறியியல் கல்லூரியில் படிக்கிறான், மாதம் ஒரு தடவையாவது வருவான். பெங்களூர் இங்கிருந்து 90 கிலோமீட்டர்தான், பஸ் ஏறினால் இரண்டரை மணி நேரத்தில் ஏதாவது ஒரு பெரிய மாலில் நிற்கலாம். போய்விட்டு வந்தவன் கேட்டான்: "அண்ணா, அங்க ரெண்டு கேம் எடுத்தா மூணாவது ஃப்ரீயா குடுக்குறாங்க. நீங்க மட்டும் ஏன்ணா குடுக்க மாட்டேங்குறீங்க?" கோபமாகக் கேட்கவில்லை. ஆனால் அதற்குள்ளே "நீங்கள் என்னிடம் அதிகம் வாங்குகிறீர்களோ" என்ற சந்தேகம் இருந்தது, அது எனக்குத் தெரிந்தது, ராத்திரி தூக்கம் வரவில்லை.

சரி, கணக்குக்கு வருவோம். ஒரு டிஸ்க்கின் விற்பனை விலை 2,000 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு அது 1,700 ரூபாய்க்கு வருகிறது என்றும் வைத்துக்கொள்ளுங்கள், இரண்டிலும் ஜிஎஸ்டி அடக்கம். ஒன்று விற்றால் 300 ரூபாய் நிற்கும். இதில் இரண்டு வாங்கினால் ஒன்று இலவசம் என்று போர்டு வைத்தால் என்ன ஆகும்? மூன்று டிஸ்க் போகிறது, கல்லாவில் 4,000 விழுகிறது, அந்த மூன்றுக்கும் நான் கொடுத்தது 5,100. ஒரு செட்டுக்கு 1,100 ரூபாய் கையை விட்டுப் போகிறது. மூன்றில் ஒரு பங்கு, அதாவது 33 சதவீதத்துக்கு மேல் மார்ஜின் (விற்கும் விலையில் லாபத்தின் பங்கு) இருக்கும் சரக்கில்தான் இந்த ஆஃபர் அடக்கத்துக்காவது வரும். ஒன்று வாங்கினால் ஒன்று என்றால் 50 சதவீதம் வேண்டும். புடவையிலும், கவரிங் நகையிலும், மொபைல் கவரிலும் அந்த மார்ஜின் உண்டு, புது கேம் டிஸ்க்கில் கிடையாது. ஆடி மாதம் துணிக்கடைக்காரர் செய்வதைப் பார்த்து டிஸ்க் கடைக்காரன் செய்தால் கட்டுப்படியாகாது என்பதற்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை.

இந்த 1,100-லும் ஒரு நுணுக்கம் இருக்கிறது, என்னைப் போன்ற சின்ன வியாபாரிகளுக்குப் பயன்படும் என்பதால் சொல்கிறேன். வரியைத் தனியாகப் பிரித்தால், 18 சதவீத ஜிஎஸ்டியில், எனக்கு வந்தது சுமார் 3,390 ரூபாய், சரக்கின் அடக்கம் 4,322. உண்மையான நஷ்டம் 932 ரூபாய். மீதி 168 ரூபாய் என் ஜிஎஸ்டி கணக்கில் கிரெடிட்டாக நிற்கும், வேறு விற்பனையில் கழித்துக்கொள்ளலாம். "இலவசமாகக் கொடுத்தால் அந்தப் பொருளுக்குக் கட்டிய வரியைத் திரும்ப எடுக்க முடியாது" என்று நிறைய பேர் பயப்படுகிறார்கள். பரிசாகவும் இலவச சாம்பிளாகவும் கொடுத்தால் அப்படித்தான், ஜிஎஸ்டி சட்டத்தின் 17(5) பிரிவு அதைத் தடுக்கிறது. ஆனால் ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம் மாதிரியான ஆஃபருக்கு 2019 மார்ச் 7-ஆம் தேதி வந்த 92-ஆம் எண் சுற்றறிக்கையில் தெளிவாகச் சொல்லிவிட்டார்கள்: அது இலவசமே இல்லை, இரண்டு பொருளை ஒன்றின் விலைக்கு விற்பதுதான், வரிக் கிரெடிட் உண்டு. அரசாங்கத்தின் வரித்துறையே "இது இலவசம் இல்லை" என்று எழுதி வைத்திருக்கிறது என்பதை அந்த வாசகரும் கவனிக்க வேண்டும், அவர் சொன்னதில் பாதி நியாயம் இங்கே இருக்கிறது.

அப்புறம், "ஒரு டிஸ்க் செய்ய இருபது ரூபாய் ஆகுமா? வெறும் பிளாஸ்டிக்தானே, ஒன்று சும்மா கொடுத்தால் என்ன குறைந்துவிடும்?" என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். ஐம்பது ரூபாய்க்குக் காப்பி சிடி விற்ற காலத்தைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம், அந்த எண்ணம் வருவது இயல்பு. அச்சடிக்கிற கம்பெனியைப் பொறுத்தவரை இந்தக் கேள்வி சரியும்கூட, கேமை உருவாக்க ஆன பெரிய செலவு முன்னாலேயே முடிந்துவிட்டது, இன்னும் ஒரு டிஸ்க் அடிக்க ஆகிற செலவு குறைவு. ஆனால் அதே டிஸ்க் என் சுவருக்கு வரும்போது எனக்கு அது 1,700 ரூபாய் ரொக்கம். காய்கறிக் கடையில் கொசுறாகக் கறிவேப்பிலை கொடுப்பார்கள், காய் வாங்கும் காசில் அது தெரியாது. மூன்றாவது டிஸ்க்கைக் கொசுறு என்று நினைத்துக் கேட்கிறார்கள். எனக்கு அது கத்தரிக்காயோடு சேர்த்து இன்னொரு கூடைக் கத்தரிக்காயைக் கேட்கிற மாதிரி.

அப்படியானால் பெரிய கடைக்கு மட்டும் எப்படிக் கட்டுப்படியாகிறது? இங்கேதான் நம் கண்ணில் படாத அந்த ஆள் வருகிறார். பெரிய சங்கிலிக் கடைகளின் ஆஃபர்களில் பல, கடையின் பணத்தில் நடப்பதில்லை. கேம் கம்பெனியும் டிஸ்ட்ரிபியூட்டரும் அதில் ஒரு பங்கை ஏற்கிறார்கள். மளிகைக் கடையில் பத்துக்கு ஒன்று ஸ்கீம் என்று சோப்பு கம்பெனி கொடுப்பது போலத்தான், ஆனால் கேமில் இது இன்னும் ஆழமாகப் போகிறது. அமெரிக்காவில் பங்குச் சந்தையில் இருக்கும் பெரிய கேம் கம்பெனிகளின் ஆண்டறிக்கையைப் பார்த்தால், திரும்பி வரும் சரக்குக்கும் விலைக் குறைப்புக்கும் என்று முன்கூட்டியே ஒரு தொகையை ஒதுக்கி வைத்திருப்பார்கள். அதாவது, கடையில் விற்காமல் கிடக்கும் டிஸ்க்கின் விலையைக் கம்பெனி குறைத்தால், கடைக்காரர் பழைய விலையில் வாங்கி வைத்திருப்பதற்கும் புது விலைக்கும் உள்ள வித்தியாசத்தைக் கம்பெனியே கிரெடிட் நோட்டாக, அதாவது அடுத்த பில்லில் கழித்துக்கொள்ளும் சீட்டாக, கொடுத்துவிடும். விளம்பரத்துக்கு, கடைவாசலில் அடுக்கி வைப்பதற்கு, துண்டுச் சீட்டில் படம் போடுவதற்கு எல்லாம் தனியாகப் பணம்.

கம்பெனி ஏன் இவ்வளவு தாராளமாக இருக்கிறது என்று கேட்டால், அதற்கும் காரணம் இருக்கிறது. பிளேஸ்டேஷன் மாதிரி கேம் பெட்டிகளைத்தான் கன்சோல் என்பார்கள். கன்சோல் கேமில் ஒவ்வொரு டிஸ்க்குக்கும் கன்சோல் கம்பெனிக்கு உரிமத் தொகை போய்விடுகிறது, அதை டிஸ்க் அச்சாகும்போதே கட்டுவதுதான் வழக்கம். விற்காமல் திரும்பி வந்தால் அந்தக் காசு போனது போனதுதான், அந்த டிஸ்க்கை வேறு எதற்கும் பயன்படுத்தவும் முடியாது. அதனால் திருப்பி எடுப்பதைவிட, "நீயே தள்ளிவிடு, நான் இவ்வளவு தருகிறேன்" என்று சொல்வது அவர்களுக்கு லாபம். இந்த ஏற்பாடு இருக்கும் கடை, 2,000 ரூபாய் டிஸ்க்கை இரண்டுக்கு ஒன்று என்று கொடுத்தாலும் நஷ்டப்படாது. பெங்களூர் மாலில் என் பர்கூர் தம்பி பார்த்ததும் இப்படிப்பட்ட ஒன்றாக இருக்கலாம். ஆயிரம் டிஸ்க் எடுப்பவருக்குக் கிடைக்கும் இந்தக் கிரெடிட் நோட்டு, முப்பது டிஸ்க் எடுக்கும் எனக்குக் கிடைப்பதில்லை.

மேலே இருப்பவர் காசு கொடுக்க முடியாமல் போனால் கடைக்காரனுக்கு என்ன ஆகும் என்பதற்கு இந்தத் தொழிலிலேயே பெரிய சாட்சி இருக்கிறது. 1983-இல் அமெரிக்காவில் வீடியோ கேம் சந்தையே சரிந்தது. சின்னச் சின்னக் கம்பெனிகள் வரைமுறை இல்லாமல் கேம் போட்டன, கடைகள் வாங்கிக் குவித்தன, விற்கவில்லை. திருப்பி அனுப்பலாம் என்றால் அந்தக் கம்பெனிகளிடம் பணமும் இல்லை, மாற்றிக் கொடுக்கப் புதுச் சரக்கும் இல்லை, பல கம்பெனிகள் கதவையே சாத்திவிட்டன. கடைக்காரர்கள் 35 டாலர் கேசட்டை 5 டாலர் கூடையில் கொட்டினார்கள். ஒன்றின் பழைய விலைக்கு ஏழு கிடைத்ததும் பெற்றோர் புதுக் கேமை முழு விலைக்கு வாங்குவதை நிறுத்திவிட்டார்கள், நல்ல கம்பெனியின் நல்ல கேமும் சேர்ந்து அடிபட்டது. அட்டாரி என்ற பெரிய கேம் கம்பெனி விற்காத சரக்கை நியூ மெக்சிகோ மாநிலத்தில் அலமகோர்டோ என்ற ஊரில் லாரி லாரியாகக் கொண்டுபோய்ப் புதைத்தது, 2014-இல் தோண்டி எடுத்தபோது அது உண்மைதான் என்று உறுதியானது. அந்தக் குழியைப் பற்றி எல்லோரும் பேசுவார்கள். ஐந்து டாலர் கூடை வைத்திருந்த கடைக்காரர்களைப் பற்றி யாரும் பேசுவதில்லை, எனக்கு அவர்கள் நினைப்புத்தான் வருகிறது.

ஏனென்றால் நானும் ஒரு கூடை வைத்தேன். 2019 ஆடி மாதம். ஊரெல்லாம் தள்ளுபடி, பர்கூர் ஜவுளிக் கடைகளுக்கு முன்னால் கார் நிறுத்த இடம் இல்லை, என் கடை மட்டும் காற்று வாங்கிக்கொண்டிருந்தது. பெங்களூரில் எனக்குச் சரக்கு போடும் டிஸ்ட்ரிபியூட்டர் போனில், "நீங்க ஆஃபர் போடுங்க, நாங்க சப்போர்ட் பண்றோம், கிரெடிட் நோட் அனுப்புறோம்" என்றார். எழுத்தில் வாங்கவில்லை, பல வருடப் பழக்கம், நம்பினேன். "எந்த இரண்டு வாங்கினாலும் ஒன்று இலவசம்" என்று ஃபிளெக்ஸ் அடித்துக் கட்டினேன். பதினைந்து நாளில் 72 டிஸ்க் போனது, 24 செட். என் வாழ்நாளில் அப்படி ஒரு வியாபாரம் பார்த்ததில்லை. வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். மாதக் கடைசியில் உட்கார்ந்து கூட்டிப் பார்த்தால் 26,000 ரூபாய் குறைகிறது. கிரெடிட் நோட் இந்த வாரம், அடுத்த வாரம் என்று தள்ளி, கடைசியில் "உங்க அளவுக்கு ஸ்கீம் வராதுன்னு மேல சொல்லிட்டாங்க" என்று முடிந்தது.

அந்தப் பதினைந்து நாளில் நான் செய்த தப்புகளையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். "குறைந்த விலை டிஸ்க் இலவசம்" என்று போர்டில் போடவில்லை. அந்த நான்கு வார்த்தை இருந்தால் 3,000, 2,000, 1,000 என்று மூன்று எடுப்பவருக்கு நான் விடுவது ஆறாயிரத்தில் ஆயிரம், 17 சதவீதத்துக்குள் அடங்கும். இல்லாததால் எல்லோரும் ஒரே விலையில் புதிதாக வந்த மூன்றை எடுத்தார்கள், அது அவர்கள் உரிமை. இன்னொன்று, கல்லூரிப் பையன்கள் மூன்று பேராகச் சேர்ந்து வந்து, ஆளுக்கு ஒன்று எடுத்து, காசை மூன்றாகப் பிரித்துக்கொண்டார்கள். அதில் ஒருவனாவது தனியாக வந்து முழு விலைக்கு வாங்கியிருப்பான். ஆஃபர் போட்டால் ஒருவர் மூன்று வாங்குவார் என்று நான் நினைத்தேன், நடந்ததில் பாதி, மூன்று பேர் ஒருவராக வாங்கியது.

கண்ணுக்குத் தெரியாத நஷ்டம் அதற்குப் பிறகு வந்தது. ஒரு பெரிய கேமை முடிக்க 30, 40 மணி நேரம் ஆகும். ஓசூர் சிப்காட்டில் ஷிஃப்ட் பார்த்துவிட்டு வருகிறவர் ஞாயிற்றுக்கிழமைதான் விளையாடுவார், அவர் கையில் மூன்று டிஸ்க் இருந்தால் மூன்று மாதத்துக்கு என் கடைப் பக்கம் வர வேண்டிய தேவையே இல்லை. சாதாரணமாக மாதம் 30 டிஸ்க் போகும் கடையில் ஆவணியில் 11, புரட்டாசியில் 14. ஆடியில் விற்ற 72-இல் எத்தனை புது வியாபாரம், எத்தனை வரப்போகும் மாதங்களின் வியாபாரத்தை முன்னால் இழுத்து நஷ்டத்துக்கு விற்றது என்று பிரித்தால் நெஞ்சு வலிக்கும். சோப்பும் எண்ணெயும் வாங்கி அடுக்கினாலும் அடுத்த மாதம் தேவை குறைவதுதான், ஆனால் அங்கே மார்ஜின் தாங்கும்.

இவ்வளவு சொல்லிவிட்டு, "அப்படியானால் ஆஃபர் போடவே கூடாதா" என்றால், போடலாம், போடுகிறேன். எந்த டிஸ்க்கைப் போடுகிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. நம் ஊர்க்காரர்களுக்கு மாங்காய் மண்டியை வைத்துச் சொன்னால் சட்டென்று புரியும். பெங்களூரா மாங்காய் காலையில் வந்த விலை சாயங்காலம் இருக்காது, மறுநாள் இன்னும் குறையும், அதனால் மண்டிக்காரர் "நான் என்ன விலை கொடுத்து எடுத்தேன்" என்று பார்த்துக்கொண்டு உட்கார மாட்டார், "இப்போது தள்ளாவிட்டால் நாளைக்கு என்ன கிடைக்கும்" என்றுதான் பார்ப்பார். டிஸ்க்கும் அப்படித்தான், பொருள் அழுகாவிட்டாலும் விலை அழுகும். கால்பந்து, மல்யுத்தக் கேம்கள் வருடா வருடம் புதிதாக வரும். செப்டம்பர் வாக்கில் புதுக் கால்பந்து கேம் வந்த மறுநாள், பழசைக் கேட்க ஆள் இல்லை. 2023-இல் அந்தக் கால்பந்து கேமுக்கு இருந்த ஃபிஃபா என்ற பெயரே மாறி ஈஏ ஸ்போர்ட்ஸ் எஃப்சி என்று வந்தபோது, ஃபிஃபா 23 டிஸ்க் வைத்திருந்த எங்களைப் போன்றவர்கள் பட்ட பாடு எங்களுக்குத்தான் தெரியும்.

1,700-க்கு வாங்கிய ஒரு பழைய டிஸ்க் இன்று 500 ரூபாய்க்குத்தான் போகும் என்றால், அதை இலவசமாகக் கொடுப்பதில் எனக்குப் போவது 1,700 அல்ல, 500-தான். அந்த 1,200 ஏற்கெனவே போய்விட்டது, ஆஃபர் போட்டாலும் போடாவிட்டாலும் திரும்பாது. புது டிஸ்க் இரண்டு விற்ற லாபம் 600, இலவச டிஸ்க்கில் 500 கழித்தால் 100 நிற்கிறது. அதே ஆள் ஆஃபர் இல்லாமல் வந்தால் ஒன்று மட்டும் வாங்கியிருப்பார், 300 நின்றிருக்கும், அப்போது ஆஃபர் எனக்குப் பாதகம்தானே என்று கேட்கலாம். அந்த 500-க்கு யாராவது உண்மையாகவே வாங்க வருவார்களா என்பதைப் பொறுத்தது அது. வரமாட்டார்கள் என்றால் அந்த டிஸ்க்கின் மதிப்பு சைபர், எனக்கு 600-ம் லாபம், சுவரில் இடமும் காலி. இந்தக் கேள்விக்கு நேர்மையாகப் பதில் சொல்லத் தெரிந்த கடைக்காரர் ஆஃபரில் நஷ்டப்பட மாட்டார். டெட் ஸ்டாக்கை, அதாவது இனி விற்காத சரக்கை, டெட் ஸ்டாக் என்று ஒப்புக்கொள்ள மனசு வருவதில்லை, நமக்கு அங்கேதான் அடி விழுகிறது.

இன்னொரு வழி, பழைய டிஸ்க். விளையாடி முடித்ததைக் கொண்டுவந்து கொடுத்து வேறு எடுத்துப் போவார்கள். 400 ரூபாய்க்கு எடுத்து 800-க்குக் கொடுக்கிறேன் என்றால் பாதிக்குப் பாதி மார்ஜின். இதில் இரண்டுக்கு ஒன்று என்றால் 1,600 வருகிறது, அடக்கம் 1,200, அப்போதும் 400 நிற்கும். ஒரு டிஸ்க் விற்ற லாபம்தான், ஆனால் மூன்று டிஸ்க் காசாகிவிட்டது, அந்தக் காசில் புதிதாக எடுக்கலாம். அமெரிக்காவின் கேம்ஸ்டாப் என்ற பெரிய சங்கிலிக் கடையின் கணக்குகளில் இது வெளிப்படையாகவே தெரியும்: 2010-களின் தொடக்கத்தில் அவர்களுக்குப் புதிய கன்சோலில் கிடைத்த மொத்த லாபம் 10 சதவீதத்துக்கும் கீழே, புதிய கேமில் 20 சதவீதத்தை ஒட்டி, பழைய சரக்கில் 40-க்கும் மேல். இரண்டு வாங்கினால் ஒன்று இலவசம் என்ற ஆஃபரை அவர்கள் பழைய கேமுக்கு அடிக்கடி போட்டதற்குக் காரணம் இந்த எண்களிலேயே இருக்கிறது.

வேண்டுமென்றே நஷ்டத்துக்கு விற்பவர்களும் இருக்கிறார்கள், அதையும் மறைக்க முடியாது. 2009 நவம்பரில் கால் ஆஃப் டியூட்டி மாடர்ன் வார்ஃபேர் 2 வந்தபோது, இங்கிலாந்தில் 54.99 பவுண்டு விலை போட்டிருந்த அந்த கேமை சைன்ஸ்பரீஸ் சூப்பர் மார்க்கெட் 26 பவுண்டுக்குக் கொடுத்தது. கேம் வாங்க வருகிறவர் கூடவே வீட்டுக்குச் சாமானும் வாங்கிப் போவார், அதில் எடுத்துக்கொள்ளலாம் என்பது கணக்கு. கேம் மட்டுமே விற்கும் சின்னக் கடைக்காரருக்கு எடுத்துக்கொள்ள அரிசியும் பருப்பும் இல்லையே. டிஸ்ட்ரிபியூட்டர் கொடுக்கும் விலையைவிடச் சூப்பர் மார்க்கெட் விலை குறைவாக இருந்தால் அவர் எங்கே போய்ச் சரக்கு எடுப்பார் என்று யோசித்துப் பாருங்கள். எனக்கும் இங்கே ஆன்லைன் விலையைப் பார்க்கும்போது சில நாள் அப்படித்தான் தோன்றுகிறது, என் கொள்முதல் பில்லைவிடக் குறைவான விலை திரையில் தெரியும்.

நம் நாட்டில் சட்டமே இல்லையா என்றால், இருக்கிறது. போட்டியாளரை ஒழிக்க அடக்கத்துக்குக் கீழே விற்பதைப் போட்டிச் சட்டத்தின் 4-ஆம் பிரிவு தடுக்கிறது, ஆனால் சந்தையில் ஆதிக்கம் செலுத்தும் நிறுவனம் என்று நிரூபித்தால்தான் அது பேசும். அந்நிய முதலீடு உள்ள ஆன்லைன் சந்தைகள் நேரடியாகவோ மறைமுகமாகவோ விற்பனை விலையில் தலையிடக்கூடாது என்று 2019 பிப்ரவரி 1 முதல் விதி இருக்கிறது. கிருஷ்ணகிரியில் பத்துக்குப் பன்னிரண்டு கடைக்காரன் இதை எடுத்துக்கொண்டு டெல்லிக்கா போக முடியும்?

பிரான்ஸ் நாட்டில் 2019-இலிருந்து உணவுப் பொருளுக்கான தள்ளுபடிக்கு 34 சதவீதம் என்று வரம்பு கட்டியிருக்கிறார்கள். ஒன்றுக்கு ஒன்று இலவசம் கூடாது, இரண்டுக்கு ஒன்று போடலாம், அது 33 சதவீதத்தில் நின்றுவிடும். கடைக்காரரைக் காப்பாற்றப் போட்ட சட்டம் இல்லை அது. ஆஃபரின் சுமை கடைசியில் விவசாயி தலையில் போய் இறங்குகிறது என்பதற்காகப் போட்டது. மாங்கூழ் ஃபேக்டரி விலையை நம்பித் தோப்பு வைத்திருக்கும் நம் மாவட்டத்துக்காரர்களுக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை. கேமில் அந்தச் சுமையைக் கம்பெனி தாங்குகிறது, தாங்கவும் முடிகிறது. கம்பெனி கைவிரித்தால் டிஸ்ட்ரிபியூட்டர், அவரும் கைவிரித்தால் கடைசிக் கடைக்காரன். இலவசம் என்று எழுதிய போர்டுக்குப் பின்னால் யாரோ ஒருவர் பணம் கட்டிக்கொண்டிருக்கிறார், அது யார் என்று மட்டும் கேளுங்கள் என்பதுதான் அந்த வாசகருக்கும், என் கடையில் வந்து பாவப்பட்டவருக்கும் நான் சொல்வது.

சக வியாபாரிகளுக்கும் ஒரு வார்த்தை. டிஸ்ட்ரிபியூட்டர் சப்போர்ட் என்று சொன்னால், எத்தனை டிஸ்க்குக்கு, ஒரு டிஸ்க்குக்கு எவ்வளவு, எந்தத் தேதிக்குள் கிரெடிட் நோட் என்று வாட்ஸ்அப்பிலாவது எழுதி வாங்கிக்கொண்டு போர்டு கட்டுங்கள். மூன்று டிஸ்க்கையும் ஒரே செட் விலையாகப் பில்லில் போடுங்கள், ஒன்றுக்கு சைபர் போட்டால் பிறகு ஆடிட்டரிடம் விளக்கம் சொல்ல வேண்டியிருக்கும். எந்த டிஸ்க்குகள், எதுவரை ஸ்டாக் என்று போர்டிலேயே எழுதுங்கள். கொடுக்கச் சரக்கு இல்லாமல் ஆஃபரைக் காட்டி ஆளை உள்ளே இழுப்பது 2022 ஜூனில் வந்த விளம்பர வழிகாட்டு நெறிகளின்படி தப்பு, அதைவிட, நாம் தினமும் முகம் பார்க்கும் ஊர்க்காரரிடம் செய்கிற தப்பு.

உங்கள் பத்திரிகையிடமும் ஒரு வேண்டுகோள். ஆடித் தள்ளுபடி நேரத்தில் பக்கம் பக்கமாக விளம்பரம் வருகிறது, வரட்டும், உங்களுக்கும் அது வருமானம். அதே வாரத்தில் ஒரு கால் பக்கத்திலாவது, இந்த ஊரின் பத்துச் சின்னக் கடைக்காரர்களிடம் பேசி, ஸ்கீம் அவர்களுக்கு வருகிறதா, எவ்வளவு எடுத்தால் வருகிறது என்று கேட்டுப் போடுங்கள். டிஸ்க் கடை வேண்டாம், மளிகை, மருந்து, செருப்பு எதுவாக இருந்தாலும் சரி. பெரிய கடைக்குத் தரும் விலையை எனக்குத் தா என்று நாங்கள் கேட்கவில்லை, ஆயிரம் எடுப்பவருக்குக் குறைவாகக் கிடைப்பது நியாயம்தான். முப்பது எடுப்பவருக்கு என்ன கிடைக்கும் என்பதை முன்கூட்டியே எழுத்தில் சொல்லுங்கள் என்றுதான் கேட்கிறோம்.

இந்தத் தொழில் எனக்கு இன்னும் எத்தனை வருடம் இருக்கும் என்று தெரியவில்லை. 2020-இல் டிஸ்க் போட இடமே இல்லாத ஒரு பிஎஸ்5 (பிளேஸ்டேஷன் 5) மாடல் வந்தது, 2024-இல் வந்த பிஎஸ்5 புரோவில் டிஸ்க் டிரைவைத் தனியாகத்தான் வாங்கி மாட்ட வேண்டும். டவுன்லோடில் கம்பெனியே நேரடியாக விற்கும்போது பாதி விலைக்குக் கொடுத்தாலும் தேங்கிய சரக்கு என்று எதுவும் கிடையாது, நடுவில் நானும் கிடையாது. அதனாலேயே இருக்கிற வரைக்கும் கணக்கு வெளிப்படையாக இருக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

அந்தப் பர்கூர் தம்பி போன சனிக்கிழமை மறுபடி வந்தான். கொள்முதல் பில்லை எடுத்து அவன் முன்னால் வைத்தேன், எங்கள் வியாபாரத்தில் யாரும் அப்படிச் செய்வதில்லை. ரொம்ப நேரம் பார்த்தான். "அப்ப அங்க குடுக்குறது அவங்க காசு இல்லையாண்ணா?" என்று கேட்டான். எல்லா ஆஃபரும் அப்படி என்று சொல்ல முடியாது தம்பி, ஆனால் நிறைய அப்படித்தான் என்றேன். பழைய டிஸ்க் சுவரில் இப்போது ஒரு லிஸ்ட் ஒட்டியிருக்கிறேன், எந்த 40 டிஸ்க், ஒவ்வொன்றின் விலை என்ன, மூன்றாக எடுத்தால் எவ்வளவு என்று. அதிலிருந்து மூன்று எடுத்து 1,600 ரூபாய் கொடுத்துவிட்டுப் போனான்.

இப்படிக்கு,
கேம் டிஸ்க் கடைக்காரர்,
கிருஷ்ணகிரி.